உயிரோடு பறக்கும் சிங்கி இறால்

குமரி மாவட்டத்தில் முட்டத்திலிருந்து குளச்சல் வரைக்கும் கரையோரமாகப் போனால் பல இடங்களில் பாறை கடலுக்குள் இறங்கி நிற்பதைப் பார்க்கலாம். அந்தப் பாறை கண்ணுக்குத் தெரியாமல் கடலடியிலும் தொடர்கிறது. மீனவர்கள் அதைப் ‘பார்’ என்பார்கள். பாரின் பொந்துகளில் பகலெல்லாம் பதுங்கியிருந்து, இருட்டியபிறகு இரைதேட வெளியே வருவது சிங்கி இறால். அதனால்தான் கடியபட்டணம், முட்டம், குளச்சல், இனயம் பகுதிகளில் சாயங்காலம் வலை போட்டு விடியற்காலையில் எடுக்கிறார்கள். வலையில் மீன் கிடைத்தால் ஐஸில் போட்டுவிடலாம். சிங்கியை அப்படிப் போட முடியாது. அது உயிரோடு ஹாங்காங்குக்கோ சிங்கப்பூருக்கோ போய்ச் சேர்ந்தால்தான் நல்ல விலை. செத்துவிட்டால் விலை பாதாளத்துக்கு இறங்கிவிடும்.

அங்குள்ள உணவகங்களில் தொட்டிக்குள் மீசையாட்டிக்கொண்டிருக்கும் இறாலைக் கைகாட்டி, அதையே சமைத்துத் தரச்சொல்லும் வழக்கம் இருக்கிறது. ஆனால் இதை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. சிங்கியின் தலைப்பகுதியில் ஈரலின் வேலையையும் கணையத்தின் வேலையையும் சேர்த்துச் செய்யும் சுரப்பி ஒன்று இருக்கிறது. இரையைச் செரிக்கும் நொதிகள் அதில் நிறைய உண்டு. உயிர் போனதும் சுரப்பி சிதையத் தொடங்கும். நொதிகள் வால்சதைக்குள் கசிந்து, அதையே செரிக்க ஆரம்பித்துவிடும். இறுகலான சதை கொஞ்ச நேரத்தில் குழைந்துபோகும். தலையை நீக்கி வாலை மட்டும் உறையவைத்துக் கப்பலில் அனுப்பும் பழைய முறை இதற்காக ஏற்பட்டதுதான். அந்த முறையில் சதை காப்பாற்றப்படும். ஆனால் உயிருள்ள சிங்கிக்குக் கிடைக்கும் விலை அதற்குக் கிடைக்காது.

சரி, கடலில் வாழும் ஒரு பிராணி விமானத்தில் போகும் பெட்டிக்குள் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் எப்படிப் பிழைத்திருக்கிறது?

ஆக்சிஜனுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 5 மில்லிலிட்டர் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். ஒரு லிட்டர் காற்றில் 210 மில்லிலிட்டர் இருக்கிறது. சிக்கல் செவுளில்தான். தண்ணீரில் விரிந்து அசையும் செவுள் இழைகள், வெளியே எடுத்ததும் நனைந்த தலைமயிர்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மூச்சுவிடும் பரப்பு சுருங்கிவிடுகிறது. ஈரம் இருக்கும்வரை ஓரளவு ஆக்சிஜன் உள்ளே போகும். அதை ஏந்திச் செல்வது நம் ரத்தத்தில் இருப்பதுபோன்ற இரும்புச் சேர்மம் அல்ல, ஹீமோசயனின் என்ற செம்புச் சேர்மம். காற்று பட்டால் சிங்கியின் ரத்தம் நீலம் பாரிப்பது அதனால்தான். செவுள் காய்ந்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

அடுத்த சிக்கல் கழிவு. தின்றது செரித்து உண்டாகும் அம்மோனியாவைச் செவுள் வழியாகக் கடல்நீரில் விட்டுக்கொண்டே இருப்பது சிங்கியின் இயல்பு. பெட்டிக்குள் விடுவதற்குத் தண்ணீர் ஏது? நஞ்சு ரத்தத்திலேயே சேரும். இதுபோக, பயந்தால் வாலைப் படபடவென்று அடித்துப் பின்வாங்கும் பழக்கம் அதற்கு உண்டு. ஒவ்வொரு அடிக்கும் தசையின் சேமிப்பு செலவாகி லாக்டிக் அமிலம் கூடும். வலையிலிருந்து முரட்டுத்தனமாகப் பிய்த்தெடுத்த சிங்கி, கரையில் நன்றாக இருப்பதாகத் தெரிந்தாலும் பெட்டிக்குள் செத்துப்போவது பெரும்பாலும் இதனால்தான். வழியில் நிகழும் சாவுக்கு விதை கடலிலேயே விழுந்துவிடுகிறது. வலையைப் பொறுமையாகப் பிரித்து, காலோ மீசையோ ஒடியாமல் சிங்கியை எடுக்கத் தெரிந்த மீனவரின் கைப்பக்குவத்தை இந்தத் தொழிலின் முதல் அறிவியல் என்றே சொல்லுவேன்.

இத்தனை சிக்கலுக்கும் மருந்து குளிர். குளிர்ரத்தப் பிராணிகளின் உடல்வெப்பம் 10 டிகிரி குறைந்தால், உடலுக்குள் நடக்கும் வேலைகளின் வேகம் ஏறக்குறைய பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ குறையும். ஆக்சிஜன் தேவையும் குறையும், அம்மோனியாவும் குறையும், வாலடியும் அடங்கும். எனவே ஏற்றுமதிக் கம்பெனிகள் சிங்கியைக் காற்றுக்குழாய் வைத்த கடல்நீர்த் தொட்டியில் விட்டுப் பட்டினி போடுகின்றன. குடல் காலியானபிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிரவைக்கிறார்கள். நம் கடலின் 28 டிகிரி சூட்டில் வளர்ந்ததை ஒரேயடியாகக் குளிரில் தள்ளினால் அந்த அதிர்ச்சியிலேயே செத்துவிடும். 15 டிகிரியை ஒட்டி வந்ததும் சிங்கி மயங்கியதுபோல் அசையாமல் கிடக்கும். அப்போது எடுத்து, ஈரமும் குளிர்ச்சியும் உள்ள மரத்தூளிலோ தாளிலோ பொதிந்து தெர்மோகோல் பெட்டியில் அடுக்குகிறார்கள்.

குளிர் நீடிக்க, தண்ணீரை உறையவைத்த பாட்டில்களைப் பெட்டிக்குள் வைப்பதுண்டு. வெறும் ஐஸைக் கொட்டக்கூடாது. உருகும் நல்ல தண்ணீர் கடல்பிராணிக்கு ஆகாது. ஐஸைத் தொட்டபடி கிடக்கும் சிங்கி விறைத்தும் போகும். உலர்பனிக்கட்டியை நினைத்தே பார்க்க வேண்டாம். அது மைனஸ் 78.5 டிகிரியில் இருக்கும் கரியமிலவாயுக் கட்டி. திரவமாகாமல் நேரே வாயுவாகும். மூடிய பெட்டிக்குள் அந்த வாயு நிறைந்தால் உயிருள்ள எதுவும் மூச்சுமுட்டிச் சாகும். உறைந்த உணவோடு அதை அனுப்பும்போதுகூட ஆபத்துப் பொருள் என்று எடையோடு எழுதித் தந்தால்தான் விமான நிறுவனங்கள் ஏற்றும்.

பெட்டி திருவனந்தபுரத்துக்கோ சென்னைக்கோ போய் விமானம் ஏறவேண்டும். 35,000 அடி உயரத்தில் வெளியே மைனஸ் 50 டிகிரி குளிர். ஆனால் சரக்குக் கூடத்திலும் பயணிகள் பகுதியைப் போலவே காற்றழுத்தம் காக்கப்படுகிறது. ஆகவே பறக்கும் நேரத்தைவிட ஏறும்முன் காத்திருக்கும் நேரமே பயத்துக்குரியது. உச்சிவெயிலில் ஓடுதளத்தின் பக்கத்தில் தள்ளுவண்டியில் நிற்கும் பெட்டி, நான்கு மணி நேரப் பறப்பில் இழக்காத குளிரை ஒரு மணி நேரத்தில் இழந்துவிடக்கூடும். விமான நிலையத்துக்குக் குளிர்க்கிடங்கு கேட்டு ஏற்றுமதியாளர்கள் எங்கும் மன்றாடுவது இதற்காகத்தான்.

உறைந்த மீனுக்கு இந்த அவசரம் கிடையாது. மைனஸ் 18 டிகிரியில் அது மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். குளிரூட்டிய கன்டெய்னரில் கப்பலில் போய்க்கொள்ளும். ஒரு டன் உணவை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக, கப்பலைவிட விமானம் ஏறத்தாழ 50 மடங்கு பசுமைக்குடில் வாயுவை வெளியிடுகிறது. கட்டணமும் பல மடங்கு. அவ்வளவு கொடுத்து வானத்தில் அனுப்ப, ஒன்று அது உயிரோடு இருக்கவேண்டும், அல்லது ஒரு நாள் தாமதித்தாலே மதிப்பிழப்பதாக இருக்கவேண்டும்.

வணிகத்தை இன்னொன்றும் தீர்மானிக்கிறது: விமானத்தின் வயிற்றில் காலியாக இருக்கும் இடம். ஜப்பானிலிருந்து வட அமெரிக்காவுக்கு மின்னணுப் பொருள்களை ஏற்றிப்போன ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானங்கள், திரும்பும்போது சரக்கில்லாமல் வந்துகொண்டிருந்தன. அந்த நிறுவன ஊழியர் அகிரா ஒகசாகி அந்த இடத்தை நிரப்ப ஒரு பொருள் தேடினார். கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிடித்த நீலத்துடுப்புச் சூரை 1972 ஆகஸ்டில் டோக்கியோவின் சுகிஜி சந்தையில் ஏலத்துக்கு வந்தது அப்படித்தான். அதுவரை கனடாக்காரர்கள் பெரும்பாலும் வேண்டாம் என்று ஒதுக்கிய மீன் அது. விலை ஏறியபிறகு அட்லாண்டிக் கடலில் அந்த இனமே கடுமையாகச் சரிந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் அதே விமானங்களின் அடிக்கூடத்தில்தான் திருவனந்தபுரத்திலிருந்து காய்கறியும் பழமும் போகின்றன. ஆள் போகும் வழி ஒன்று திறந்தால் உணவுக்கும் வழி திறக்கிறது.

வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதை 2020 காட்டியது. கொரோனாவால் சீனா முடங்கியதும் அங்கே விமானத்தில் போகவேண்டிய உயிர்ச்சரக்கு உலகெங்கும் தேங்கியது. நியூசிலாந்து அரசு, பிடித்து வைத்திருந்த கல் இறால்களை (அதுவும் சிங்கி வகைதான்) மறுபடி கடலிலேயே விட அனுமதித்தது.

இவ்வளவு நுட்பமும் சிங்கி கடலைவிட்டு வந்தபிறகு நடப்பதைத்தான் சீர்செய்கிறது. என் கவலை அதற்கு முன்னால் நடப்பதைப் பற்றியது. வெள்ளை இறாலைப் போலச் சிங்கிக்குக் குஞ்சுப் பண்ணை நம்மிடம் இல்லை. தாய் வயிற்றுக்கடியில் லட்சக்கணக்கான முட்டைகளை ஒட்டிவைத்துச் சுமக்கிறது. பொரிந்து வருவது கண்ணாடித் தகடுபோன்ற ‘ஃபில்லோசோமா’ குஞ்சு. மாதக்கணக்கில் நடுக்கடலில் மிதந்து, பல தடவை தோலுரித்து, பிறகுதான் அது பாருக்குத் திரும்புகிறது. ஆய்வுக்கூடத்தில் அத்தனை மாதம் அதைக் காப்பாற்றுவது மிகக் கடினம். வியட்நாமில் பெரிய அளவில் நடக்கும் சிங்கி வளர்ப்பும் கடலில் பிடித்த குஞ்சை நம்பியே நடக்கிறது.

2003 ஜூலையில் இந்திய அரசு ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை விதித்தது. நம் கரையில் அதிகம் கிடைக்கும் ‘பானுலிரஸ் ஹோமாரஸ்’ இனத்துக்கு 200 கிராம், ‘பாலிஃபேகஸ்’ இனத்துக்கு 300, ‘ஆர்னேட்டஸ்’ இனத்துக்கு 500. ஒரு தடவையாவது முட்டையிட்டபிறகு பிடிபடட்டும் என்பதே இதன் அடிப்படை. நல்ல விதி. ஆனால் ஏற்றுமதிக் கம்பெனியின் தராசில் 180 கிராம் காட்டும் சிங்கி, அந்தத் தராசுக்கு வரும்முன்பே கடலுக்கு இல்லாமல் போய்விட்டது. விதி வேலைசெய்ய வேண்டிய இடம் வள்ளம்.

அதற்குச் சட்டத்தைவிடக் கரையில் வாங்குகிறவரின் மனசு முக்கியம். சினைச் சிங்கியையும் 200 கிராமுக்குக் கீழே உள்ளதையும் எந்த விலைக்கும் எடுக்கமாட்டோம் என்று ஏஜென்டுகள் உறுதியாக நின்றால், அவற்றைப் பிடித்துவர யாருக்கும் தேவை இராது. ஐஸில் வைத்த மீனைத் திரும்ப விட்டுப் பயனில்லை. சிங்கி உயிரோடு கையில் இருக்கிறது, திரும்பப் போட்டால் பிழைக்கும். பாரிலிருந்து வலையை எடுக்கும் அண்ணன்மாரே, சினையோடு வந்ததை அங்கேயே, அந்தப் பாருக்கு மேலேயே விட்டுவிடுங்கள்.