கல்லை உடைக்கும் முன் மாத்திரை வேண்டுமா?



காத்தான்குடியிலிருந்து கல்முனைக்குப் பஸ்ஸில் போய் வருபவர்களுக்குக் களுதாவளையைத் தெரியாமல் இருக்காது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவே மணல் நிலம். வெற்றிலைக்குப் பேர்போன ஊர். அந்த மணலில் வெயில் ஏற ஏறத் தோட்டத்தில் நிற்பவருக்கு உடம்பின் தண்ணீரெல்லாம் வியர்வையாகப் போய்விடுகிறது. அடுப்படியில் நிற்கும் நமக்கும் அதே கதைதான். பயணம் போனால் கழிப்பறைக்குப் போக வெட்கப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் இருப்போம். சிறுநீர் தடித்து, உப்புகள் படிந்து, சிறுநீரகத்தில் கல்லாகிறது. வெற்றிலையோடு சேரும் சுண்ணாம்பும் சிறுநீரில் கல்சியத்தைக் கூட்டக்கூடியது. வாய்ப் புற்றுநோய்க்குப் பயந்து வெற்றிலையை விட்டவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்!

கல் வந்தால் கத்தி வைக்கத்தான் வேண்டும் என்றிருந்த நிலை 1980 பெப்ரவரி 7ஆம் திகதி மாறியது. ஜேர்மனியின் மியூனிக் நகரில் டொக்டர் கிறிஸ்டியன் சௌசியும் அவரது குழுவினரும் முதன்முதலாக ஒரு நோயாளியின் சிறுநீரகக் கல்லை வெளியிலிருந்தே அதிர்வலைகளால் உடைத்தார்கள். உடைந்த துகள்கள் சிறுநீரோடு வெளியேறிவிடும்.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். உங்கள் ராத்தாவுக்கு இந்தச் சிகிச்சைக்குத் திகதி கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். “கிருமி ஏறாமல் இருக்க இதைப் போட்டுக்கொண்டு போ” என்று பக்கத்து வீட்டார் மீதமிருந்த அன்டிபயோட்டிக் குளிசை நாலைக் கொடுக்கிறார். அன்பினால்தான் கொடுக்கிறார். ராத்தா விழுங்கலாமா?

கூடாது. ஆனால் காரணத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் சிலருக்கு அதே மருந்து கட்டாயம் தேவை.

சில கற்கள் கிருமியாலேயே உண்டாகின்றவை. அவற்றின் உள்ளே கிருமிகள் குடியிருக்கும். கல் நொறுங்கும்போது அவை விடுதலையாகும். அதிர்ச்சியில் சிறுநீரகத்துக்குள் நுண்ணிய காயங்களும் ஏற்படுவதால் இரத்தத்தில் கலக்க வழி கிடைத்துவிடும். முன்பு எல்லாருக்கும் மருந்து கொடுக்கும் பழக்கம் இருந்தது இதனால்தான். 1997இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வும் அதை ஆதரித்தது. 2012இல் ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதோ, சிகிச்சைக்கு முன் சிறுநீரில் கிருமி இல்லாதவர்களுக்கு மருந்து கொடுத்ததாலும் கொடுக்காததாலும் காய்ச்சலிலோ கிருமித் தொற்றிலோ சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. ஐரோப்பிய சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டல் இன்று எல்லாருக்கும் கொடுக்கச் சொல்வதில்லை. சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள், சலக்குழாய் போட்டவர்கள், கிருமிக் கல் உள்ளவர்கள் போன்றோருக்கு மட்டும் கொடுக்கச் சொல்கிறது. சிறுநீரில் கிருமி இருந்தால் விஷயமே வேறு: முதலில் அதற்கு முழுச் சிகிச்சை, பிறகுதான் கல்லுடைப்பு.

ஆகவே தீர்மானிப்பது சிறுநீர்ப் பரிசோதனைதான். கல்ச்சர் என்று எழுதிக் கொடுப்பார்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். ராத்தா அந்தப் பரிசோதனைக்கு முன் நாலு குளிசை விழுங்கியிருந்தால் கிருமி அடங்கிப்போய், இல்லாததுபோல் முடிவு வரும். டொக்டரும் ஏமாந்துபோவார். கல் உடைந்த பிறகு பதுங்கியிருந்தது வெளியே வரும். கண்ட நேரம் விழுங்கிப் பழகிய மருந்து அவசரத்துக்குக் கேட்காமலும் போய்விடுகிறது. பெண்களுக்குச் சலத்தில் கிருமி வருவது ஆண்களைவிட அதிகம் என்பதால் இது நமக்கே கூடுதலாகப் பொருந்தும்.

பரிசோதனைக்குச் சலம் எடுக்கும்போது நன்றாகக் கழுவி, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் போத்தலில் பிடியுங்கள். முன்பு சலம் எரிந்து மருந்து எடுத்திருந்தால் அந்தத் துண்டையும் கொண்டுபோங்கள். எந்த மருந்துக்காவது உடம்பில் தடிப்பு வந்ததா, இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுக்கிறீர்களா, மாதவிடாய் தள்ளிப்போயிருக்கிறதா என்பதை வெட்கமில்லாமல் டொக்டரிடம் சொல்லுங்கள். வயிற்றில் பிள்ளை இருந்தால் இந்தச் சிகிச்சை அறவே செய்யக் கூடாது. நோன்பு மாதத்தில் திகதி விழுந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள்; துகள்கள் வெளியேறத் தண்ணீர் நிறைய வேண்டும், நோயாளிக்கு நோன்பைப் பிறகு கழாச் செய்ய அனுமதி இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபின் ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போகலாம், இடுப்பு வலிக்கலாம். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, சலம் போகாமல் நின்றாலோ, வலி தாங்க முடியாமல் போனாலோ, பெனடோல் கொடுத்து விடியட்டும் என்று இருக்காதீர்கள். துகள் வழியை அடைத்து, அதன் பின்னால் கிருமி பெருகினால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். நள்ளிரவானாலும் வாகனம் பிடித்து, கிட்ட இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், “கல் உடைத்தவர்” என்று வாசலிலேயே சொல்லுங்கள்.