சாய மூலக்கூறுகள் தாமே அணிவகுப்பது எப்படி?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் பேராசிரியர் பு. ரவிராஜனும் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்களும் 2006இல் ஒரு சூரியக்கலத்தைப் பற்றி எழுதினர். நாக ஒட்சைட்டு நுண்கோல்களின் மேல் சாய மூலக்கூறுகள் தாமாகவே படையாக ஒழுங்கமைந்த கலம் அது.

எப்படி?

இசட்907 என்ற அந்த ருத்தேனியச் சாயத்தின் ஒரு பக்கம் காபொட்சிலிக் அமிலக் கூட்டங்கள். அவை ஒட்சைட்டை இறுகப் பற்றும். மறுபக்கம் ஒன்பது காபன் அணு நீளத்தில் இரண்டு வால்கள். நீரை வெறுக்கும் இவை வெளியே நீண்டு, மேலே பூசப்படும் பல்பகுதியத்தோடு இணங்கிப்போகும். பற்றுவதற்கு இடம் தீர்ந்ததும் அடுக்கு வளர்வதும் நின்றுவிடும். எவரும் அடுக்கத் தேவையில்லை, வேதியியலே அடுக்குகிறது.

கலத்தின் திறன் 0.2 சதவீதம். சிறிய எண்தான். ஆயினும் நுண்துணிக்கைகள் தாறுமாறாகக் கிடந்த கலத்தைவிட நான்கு மடங்குக்கும் மேல்.

வெயிலுக்குக் குறைவில்லாத யாழ் குடாநாட்டின் மாணவர்கள் சூரியக்கல ஆய்வுத்துறைக்கு நிறையப் பேர் வரவேண்டும்.