அரைமண்டிக்கு அவசரம் ஆகாது!

தோட்டத்திலோ பட்டணத்திலோ, பரதம் பயிலும் பெண் உங்கள் வீட்டில் இருக்கிறாளா, தாய்மார்களே? 1981-இல் கோலாலம்பூரில் தோன்றிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், ஜொகூர் பாருவிலும் கிளை கண்டு பல பிள்ளைகளுக்குச் சலங்கை கட்டிவிட்டது.

முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டி சரியாக விரியவில்லை என்று பிள்ளையின் தொடையை அமுக்காதீர்கள். கால் விரிவது இடுப்பு மூட்டில். பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால் முழங்கால்தான் பாடுபடும்.

முதலில் 5 நிமிடம் நடந்து உடல் சூடேறட்டும். பிறகு உட்கார்ந்து, உள்ளங்கால்களைச் சேர்த்து, முழங்கால்களைப் பக்கவாட்டில் தாழ்த்தி, 30 விநாடி அசையாதிருக்கட்டும். மூச்சை அடக்கவோ, முழங்காலைக் குலுக்கவோ வேண்டாம். இழுப்பு தெரியலாம்; வலி கூடாது. வலித்தால் நிறுத்தி, குருவிடம் சொல்லுங்கள். தினமும் செய்தால் சில வாரங்களில் தசை இணங்கும்.

அரங்கேற்றம் ஒரு நாள். முழங்கால் ஆயுள் முழுதும் வேண்டுமே!