சி.பி.ஆர். கருவி: ஐந்து சென்டிமீட்டரை அளப்பது எப்படி?

இதயத் துடிப்பு திடீரென நின்றுவிட்டவரின் நெஞ்சை அழுத்தி ரத்த ஓட்டம் தரும் முதலுதவிக்கு சி.பி.ஆர். என்று பெயர். பெரியவர்களுக்கு நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஆழம் 5 செ.மீ.க்குக் குறையக் கூடாது, 6 செ.மீ.யைத் தாண்டவும் கூடாது. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுவதும் மேலெழும்பிட வேண்டும். படிக்க எளிதுதான். ஆனால் பயிற்சி பெற்றவர்களே பல நேரங்களில் போதிய ஆழம் அழுத்துவதில்லை என்று 2005ல் வெளியான ஆய்வுகள் காட்டின. இந்தக் குறையைச் சரி செய்திடத்தான் ஃபீட்பேக் கருவிகள் பயன்படுகின்றன. சாஃப்ட்வேர் எழுதுபவன் என்பதால், இவை ஆழத்தை அளக்கும் விதம் என்னைக் கவர்ந்தது.

உள்ளே என்ன இருக்கிறது?

கருவியை நெஞ்சின் நடுவே வைத்து, அதன் மேல் கைகளை வைத்து அழுத்த வேண்டும். ஆழமும் வேகமும் சரியா என்று திரையிலோ குரலிலோ அது சொல்லும். பல கருவிகளின் உள்ளே இருப்பது அக்ஸிலரோமீட்டர் சிப். மொபைல் போனைச் சாய்த்தால் திரை திரும்புகிறதே, அந்த வகை சிப்தான். இது ஆழத்தை அளப்பதில்லை, முடுக்கத்தைத்தான் தரும். அதை ஒருமுறை இன்டக்ரேட் செய்தால் வேகம், மறுமுறை செய்தால் தூரம். பிளஸ் டூ கணக்குதான்!

சிக்கல் எங்கே? சிப் தரும் எண்ணில் 0.1 மீ/வி² அளவு பிழை எப்போதும் இருப்பதாக வைத்துக் கொள்வோம். ஒரே விநாடியில் அது 5 செ.மீ. தவறாகிவிடும். 10 விநாடியில் 5 மீட்டர்! எனவே சாஃப்ட்வேர் ஒவ்வொரு அழுத்தத்தையும் தனியே எடுத்துக் கொண்டு, அதன் தொடக்கத்தில் கணக்கைப் பூஜ்யமாக்கிவிடும். ஓர் அழுத்தத்திற்கு சுமார் அரை விநாடிதான் என்பதால், பிழை பெருகும் முன் கணக்கு முடிந்துவிடும். சில கருவிகளில் விசையை அளக்கும் சென்சாரும் உண்டு. கை முழுதாகத் தளர்ந்ததா என்பதை அது காட்டிக் கொடுக்கும்.

மெத்தை செய்யும் ஏமாற்று

நெஞ்சு 3 செ.மீ.யும் மெத்தை 2 செ.மீ.யும் இறங்கினால், ஒற்றை சென்சார் கருவி 5 செ.மீ. என்று பாராட்டிவிடும்! முதுகுக்குக் கீழே இன்னொரு சென்சார் வைத்துக் கழிப்பது ஒரு வழி. கெட்டியான தரையில் கிடத்துவது அதைவிட எளிய வழி.

உயிர் பிழைக்கிறார்களா?

அமெரிக்கா, கனடாவில் 1,586 பேரிடம் நடந்த ஆய்வு 2011ல் வெளியானது. கருவி வழிகாட்டியபோது அழுத்தும் முறை மேம்பட்டது. பிழைத்தவர் எண்ணிக்கையில் வேறுபாடு தெரியவில்லை. ஈரான் மருத்துவமனைகளில் நடந்து 2019ல் வெளியான ஆய்வோ, பிழைத்தவர் அதிகம் என்றது. ஆகவே இதில் கடைசி வார்த்தை இன்னும் சொல்லப்படவில்லை. பயிற்சியில் மட்டும் இதன் இடம் உறுதி. அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் பெரியவர்களுக்கான சி.பி.ஆர். வகுப்புகளில் 2019 முதல் இதைக் கட்டாயமாக்கியது.

நீங்கள் என்ன செய்யலாம்?

வீட்டுக்கு ஒரு கருவி வாங்கிட வேண்டியதில்லை. இத்தகைய கருவி உள்ள பொம்மையில் ஒருமுறை பயிற்சி எடுங்கள். 5 செ.மீ. எவ்வளவு என்று கைக்குத் தெரிந்துவிடும். மொபைலில் மெட்ரோனோம் ஒன்றை 110ல் வைத்துக் கேட்டுப் பழகுங்கள். அது வேகத்தை மட்டும் சொல்லும், ஆழத்தைச் சொல்லாது. ஒருவர் நினைவின்றி, சரியான மூச்சின்றிக் கிடந்தால், 108க்கு போன் செய்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உடனே அழுத்தத் தொடங்குங்கள். கருவியையோ ஆப்பையோ தேடி ஒரு விநாடியும் வீணாக்க வேண்டாம்.