ஏறும்போது கால் பலம்! இறங்கும்போது பிரேக் பலம்!

தர்மபுரிக்குப் பக்கத்தில் வத்தல்மலை இருக்கிறது. இது கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. மலைமேல் சிற்றூர்கள் உண்டு. மலையாளிகள் என்ற பழங்குடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். காப்பியும் மிளகும் விளைகின்றன.

பல ஆண்டுகள் இந்த மலைக்கு வண்டிப் பாதை கிடையாது. மக்கள் நடந்தே ஏறினார்கள், நடந்தே இறங்கினார்கள். நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்தார்கள்.

இன்று சாலை இருக்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள்! இப்படிப்பட்ட சாலையைக் கண்டால் சைக்கிள் ஓட்டும் இளைஞர்களுக்கு ஆசை வரும். ஏறுவதற்குக் கால் பலம் போதும். களைத்தால் இறங்கித் தள்ளலாம். ஆபத்து எல்லாம் இறக்கத்தில்தான்!

புகை விட்ட சைக்கிள்

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மரின் என்ற மலைப் பகுதி இருக்கிறது. 1976-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி அங்கே சில இளைஞர்கள் ஒரு பந்தயம் வைத்தார்கள். மண் பாதை. நீளம் சுமார் 3 கிலோமீட்டர். அதற்குள் 400 மீட்டர் இறக்கம்!

அவர்கள் ஓட்டியவை 1930-களிலும் 1940-களிலும் செய்த பழைய சைக்கிள்கள். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பின் சக்கரத்தில் பிரேக் பிடிக்கும். கீழே வந்து சேர்வதற்குள் அந்தப் பிரேக் கொதித்தது. உள்ளே இருந்த கிரீஸ் தீய்ந்து புகையாகப் போனது. ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. 'திரும்ப அடைப்பது' என்று அர்த்தம்.

இந்தத் தொல்லை ஒரு நன்மையும் செய்தது. மலைக்கு ஏற்ற சைக்கிள் வேண்டும் என்று அவர்கள் யோசித்தார்கள். 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் அப்படி ஒன்றைச் செய்தார். அகலமான டயர், பல கியர், பலமான பிரேக் என்று மலைச் சைக்கிள் வளர்ந்தது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலும் அதற்கு இடம் கிடைத்தது.

எவ்வளவு சூடு?

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 500 மீட்டர் உயரத்தில் இருந்து மெதுவாக இறங்கினால் உண்டாகும் சூடு, ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கும்! அதில் பெரும் பகுதியைப் பிரேக்தான் தாங்க வேண்டும். விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் சக்கரத்தின் ரிம் கொதிக்கும். டியூப் வெடித்தாலும் வெடிக்கும்.

எப்படி இறங்குவது?

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவுக்குள் போன பிறகு திடீரென்று பிரேக் போட்டால் சக்கரம் வழுக்கும்.

இரண்டு பிரேக்கையும் சேர்த்து, அளவாக அழுத்த வேண்டும். முன் பிரேக்குக்குத்தான் பலம் அதிகம். ஆனால் அதை மட்டும் வெடுக்கென்று அழுத்தினால் ஆளைத் தலைகுப்புறத் தள்ளிவிடும்.

செங்குத்தான இடத்தில் உடம்பைப் பின்னுக்குத் தள்ளி உட்கார வேண்டும். பார்வை பள்ளத்தில் அல்ல, போக வேண்டிய வழியில் இருக்க வேண்டும். நடுநடுவே நின்று பிரேக்கை ஆறவிட வேண்டும். மழையில் பிரேக் சரியாகப் பிடிக்காது. தலைக்கவசம் அவசியம்.

காட்டுக்குள் போகலாமா?

பென்னாகரம், ஒகேனக்கல் காடுகளில் யானைகள் நடமாடுகின்றன. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் ஒரு பகுதி, 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வனத்துறையின் அனுமதி இல்லாமல் காட்டுப் பாதையில் சைக்கிளைத் திருப்பக் கூடாது.

சாதாரணச் சைக்கிளில் மலைக்குப் புறப்படுகிறவர்கள் முதலில் பிரேக் கட்டையைப் பார்க்க வேண்டும். தேய்ந்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். அது சின்னச் செலவுதான். காப்பாற்றுவது ஓர் உயிரை!