படம் பழுதா, திரை பழுதா?

இந்தச் சஞ்சிகையின் படப் பக்கங்களைத் தயாரிக்கும் பொறுப்பை இதழ்க் குழு என்னிடம் தந்தபோது, எங்கள் வீட்டில் இருந்தது நானா பாவித்துவிட்டுத் தந்த ஒரு மடிக்கணனி. படமொன்றைப் போட்டோஷொப்பில் திறந்தால், அது முழுதாகத் திறப்பதற்குள் உம்மா தேநீர் ஊற்றிக்கொண்டு வந்துவிடுவார். அப்படியான நேரத்தில்தான் கட்டாரில் வேலை செய்யும் சாச்சா விடுமுறையில் வந்தார். வரும்போது சப்பாத்துப் பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். "மகள், இதைக் கொழுவினால் உங்கட கணனி பறக்கும்" என்றார்.

அதனுள்ளே இருந்தது ஒரு வரைகலை அட்டை. கிராபிக்ஸ் கார்ட் என்று கடைகளில் சொல்வார்கள். திரையில் நாம் காணும் ஒவ்வொரு புள்ளியையும் கணக்கிட்டு வரைவது அதன் வேலை. மேசைக் கணனியில் இது உள்ளேயே செருகப்பட்டிருக்கும். மடிக்கணனியில் பிறகு செருக இடமில்லை. ஆகவே அட்டையைத் தனிப் பெட்டியில் வைத்து, அதற்குத் தனியாக மின்சாரம் கொடுத்து, ஒரு கேபிளால் மடிக்கணனியுடன் இணைக்கிறார்கள். அந்த இணைப்பின் பெயர் தண்டர்போல்ட். அதன் மூன்றாம் பதிப்பு ஒரு செக்கனுக்கு 40 கிகாபிட் வரை கொண்டுசெல்லும். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் மேசைக் கணனிக்குள் இத்தகைய அட்டைக்கு வழமையாக 16 தடங்கள் கிடைக்கும். இந்தக் கேபிள் வழியே கிடைப்பவை 4 தடங்கள் மாத்திரமே. பெரிய வீதியில் ஓட வேண்டிய வாகனத்தை ஒழுங்கைக்குள் விட்ட மாதிரி.

பறக்கவில்லை. முதல் நாள் இரவே படங்களில் கறுப்புச் சதுரங்கள் வந்தன.

பரிசளிப்பு விழாப் படமொன்றைத் திறந்தேன். மேடையின் நடுவில், அதிபரின் கை இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கறுப்புச் சதுரம். பெரிதாக்கிப் பார்த்தால் சதுரம் வேறிடத்துக்குப் போனது. சிறிதாக்கினால் மூன்று சதுரங்கள். கோப்பு பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். அழித்துவிட்டு மீண்டும் பிரதி எடுப்போம் என்று 'டிலீட்' விசையில் விரலை வைத்தபோது உம்மா ஒரு கேள்வி கேட்டார். "படம் பழுதா, இல்லாட்டி டீவி பழுதா?" உம்மாவுக்கு எல்லாத் திரையும் டீவிதான். ஆனால் அந்தக் கேள்விக்கு விடை காணாமல் நான் அடுத்து எதைச் செய்திருந்தாலும் பிழையாகத்தான் போயிருக்கும்.

ஒரு படம் நம் கண்ணுக்கு வரும் வழியைப் பாருங்கள். முதலில் அது வன்தட்டில் வெறும் இலக்கங்களாக இருக்கிறது. மென்பொருள் அந்த இலக்கங்களை எடுத்து வரைகலை அட்டையிடம் கொடுக்கிறது. அட்டை வரைந்ததைக் கேபிள் திரைக்குக் கொண்டுபோகிறது. பிழை இதில் எந்த இடத்திலும் வரலாம். எங்கே வந்தாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: படம் நன்றாக இல்லை.

இடத்தைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லாத வழி இருக்கிறது. பிழை தெரியும்போதே திரையைப் படம்பிடியுங்கள். கெமராவால் அல்ல, விசைப்பலகையிலுள்ள 'பிரின்ட் ஸ்கிரீன்' விசையால். அதை இன்னொருவரின் தொலைபேசிக்கு அனுப்பிப் பாருங்கள். அங்கேயும் பிழை தெரிந்தால், அது அட்டை வரைந்து முடிப்பதற்குள் நடந்த பிழை. அங்கே தெரியாவிட்டால், வரைந்த பிறகு, கேபிளிலோ திரையிலோ அவற்றுக்கான அமைப்புகளிலோ நடந்த பிழை. உம்மாவின் தொலைபேசியில் பார்த்தேன். சதுரங்கள் அப்படியே இருந்தன. ஆகவே திரை தப்பியது.

அடுத்து அதே கோப்பை விண்டோஸில் சாதாரணமாகப் படம் பார்க்கும் செயலியில் திறந்தேன். அதிபரின் கை இருந்தது. கோப்பும் தப்பியது.

மிஞ்சியது போட்டோஷொப்பும் அட்டையும் பேசிக்கொள்ளும் இடம். 'எடிட்' பட்டியலில் 'பிரிஃபரன்சஸ்', அதற்குள் 'பெர்ஃபோமன்ஸ்' என்று போனால் 'யூஸ் கிராபிக்ஸ் ப்ரொசெசர்' என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அதிலுள்ள சரி அடையாளத்தை எடுத்துவிட்டு, மென்பொருளை மூடித் திறந்தேன். சதுரங்கள் போய்விட்டன. மென்பொருள் படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தே அட்டைக்கு அனுப்புகிறது. வரையப்படாமல் போன துண்டுதான் கறுப்புச் சதுரமாகத் தெரிந்திருக்கிறது.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது மருந்தல்ல, வலி மாத்திரை. அட்டையை ஓரங்கட்டிவிட்டால் படத்தைச் சுழற்றிப் பார்க்கும் 'ரொட்டேட் வியூ', எண்ணெய் ஓவியம் போலாக்கும் 'ஒயில் பெயின்ட்' முதலியன வேலை செய்யாது. சாச்சா சுமந்து வந்த பெட்டி சும்மா சூடாகிக்கொண்டிருக்கும். அப்படியென்றால் அதைக் கழற்றியே வைத்துவிடலாம்.

நான் அடுத்துப் பார்த்தது 'ஹெல்ப்' பட்டியலிலுள்ள 'சிஸ்டம் இன்ஃபோ'. மென்பொருள் எந்த அட்டையைப் பாவிக்கிறது என்று அதில் பெயரோடு இருக்கும். என் கணனியில் இருந்த பெயர் பெட்டியிலிருந்த அட்டையினுடையது அல்ல. மடிக்கணனிக்குள் பிறவியிலேயே இருக்கும் சிறிய வரைகலைச் சில்லினுடையது. இரண்டு அட்டைகள் இருக்கும்போது எதை நம்புவது என்பதில் குழப்பம் வரலாம். விண்டோஸில் 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'டிஸ்பிளே', 'கிராபிக்ஸ்' என்று போய், போட்டோஷொப்பைச் சேர்த்து, 'ஹை பெர்ஃபோமன்ஸ்' என்பதைத் தெரிவுசெய்தேன். பெயர் மாறியது. சதுரங்கள் குறைந்தன, ஆனால் முற்றாக ஒழியவில்லை.

முற்றாக ஒழிந்தது அட்டையின் டிரைவரை மாற்றிய பிறகுதான். டிரைவர் என்பது அட்டைக்கும் விண்டோஸுக்கும் இடையிலான மொழிபெயர்ப்பாளர். விண்டோஸ் தானாகவே போட்டுவைத்திருந்தது பழையது. அட்டை நிறுவனத்தின் தளத்திலிருந்து புதியதை இறக்கி, பழையதின் மேலேயே ஏற்றாமல், பழையதைத் துடைத்துவிட்டு நிறுவும் 'கிளீன் இன்ஸ்டோல்' முறையில் போட்டேன். என்விடியா அட்டைகளுக்கு விளையாட்டுக்கென்று ஒரு டிரைவரும், படம், காணொளி வேலைகளுக்கென்று 'ஸ்டூடியோ' என்ற டிரைவரும் வெளிவருகின்றன. நமக்கு வேண்டியது இரண்டாவது. அதற்குப் பிறகும் சதுரம் வந்தால், 'பெர்ஃபோமன்ஸ்' பக்கத்தின் 'அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ்' பகுதியில் 'டிரோயிங் மோட்' என்பதை 'பேசிக்' ஆக்கிப் பார்க்கலாம். எனக்கு அது தேவைப்படவில்லை.

கேபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தண்டர்போல்ட் மூன்றும், தொலைபேசி சார்ஜ் செய்யும் யூ.எஸ்.பி. சி கேபிளும் ஒரே முனை கொண்டவை. மின்னல் அடையாளம் இல்லாத கேபிளைக் கொழுவிவிட்டு "பெட்டி வேலை செய்யவில்லை" என்று சொல்லாதீர்கள். மடிக்கணனியின் துளையும் அப்படியே. முனை பொருந்துவதால் மாத்திரம் அது தண்டர்போல்ட் ஆகிவிடாது. திரையையும் மடிக்கணனியில் கொழுவாமல் பெட்டியிலேயே கொழுவ வேண்டும். இல்லாவிட்டால் வரைந்த படம் அதே ஒழுங்கையால் திரும்பி வர வேண்டியிருக்கும்.

நம் நாட்டுக்கே உரிய கரைச்சல் ஒன்றும் உண்டு. மின்சாரம் போனால் மடிக்கணனி மின்கலத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பெட்டி உடனே செத்துவிடும். வரைந்துகொண்டிருந்த அட்டை திடீரென்று காணாமல் போவதால் மென்பொருளும் மூடிவிடும். இரண்டு தடவை அனுபவித்த பிறகு, மீட்புப் பிரதியைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமிக்கும் அமைப்பை ஐந்து நிமிடமாக மாற்றினேன்.

இவ்வளவும் எனக்கு மூன்று இரவுகள் எடுத்தன. ஆனாலும் கறுப்புச் சதுரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. நான் பிழை என்று அது கத்திச் சொன்னது. உண்மையான சேதத்தைச் செய்தது சத்தமே போடாத இன்னொன்று.

சதுரங்கள் ஒழிந்த மகிழ்ச்சியில் படங்களைத் திருத்த உட்கார்ந்தேன். எல்லாப் படமும் கொஞ்சம் வெளிறித் தெரிந்தது. கறுப்புச் சப்பாத்து சாம்பல் நிறம். வெள்ளைச் சீருடையும் பர்தாவும் சரியாகத் துவைக்காத மாதிரி மங்கல். படமெடுத்த பத்தாம் தரத் தங்கைக்குக் கெமராவை அமைக்கத் தெரியவில்லை என்று நானே தீர்ப்புச் சொன்னேன். 'லெவல்ஸ்' கருவியில் இரு பக்கத்தையும் உள்ளே இழுத்து, கறுப்பைக் கறுப்பாக்கி, வெள்ளையை வெளுத்தேன். எவ்வளவு இழுத்தும் கறுப்பு முழுக் கறுப்பாகவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் சந்தேகப்படாமல் அறுபது படங்களைத் திருத்தி, அதே பெயரிலேயே சேமித்தேன்.

அச்சகத்திலிருந்து மாதிரிப் பிரதி வந்தது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் போட்டுப் பார்த்தார். "பிள்ளைகளின் உடம்பெல்லாம் எங்கே? சுவரில் முகம் மட்டும் ஒட்டியிருக்கிறதே?" என்றார். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைச் சீருடை. மடிப்பு, தையல், பர்தாவின் ஓரம் ஒன்றுமில்லை.

அன்றிரவு உம்மாவின் தொலைபேசிக்கு மீண்டும் திரைப்பிடிப்பு அனுப்பினேன், திருத்தாத படமொன்றை வைத்து. தொலைபேசியில் கறுப்பு கறுப்பாகவே இருந்தது. அப்படியென்றால் பிழை, அட்டை வரைந்த பிறகு. போட்டோஷொப்பின் 'இன்ஃபோ' பலகையைத் திறந்து சப்பாத்தின் மேல் சுட்டியை வைத்தேன். 4, 5, 4 என்று காட்டியது. அது ஏறத்தாழ முழுக் கறுப்பு. அந்தப் பலகை திரையைப் பார்த்துச் சொல்வதில்லை, கோப்பிலுள்ள இலக்கத்தைப் பார்த்துச் சொல்கிறது. கண்ணுக்குச் சாம்பல், கோப்பில் கறுப்பு.

காரணம் இதுதான். கணனியில் கறுப்பு 0, வெள்ளை 255. தொலைக்காட்சி உலகத்தின் பழைய வழக்கில் கறுப்பு 16, வெள்ளை 235. எச்.டி.எம்.ஐ. கேபிள் தொலைக்காட்சிக்கும் பொதுவானது. பெட்டியிலிருந்து போகும் சமிக்ஞை தொலைக்காட்சி முறையில் அமைந்திருந்தது. என் திரையோ கணனி முறையில் வாசித்தது. 16 என்று வந்த கறுப்பை அது சாம்பலாகவும், 235 என்று வந்த வெள்ளையை மங்கலாகவும் காட்டியது. உம்மா சொன்ன டீவியேதான்! அட்டையின் கட்டுப்பாட்டுப் பலகையில் இதை மாற்றலாம். என்விடியா அட்டையானால் 'சேஞ்ச் ரெசல்யூஷன்' பக்கத்தில் 'அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்' என்ற இடம். 'லிமிட்டட்' என்றிருந்தால் 'ஃபுல்' ஆக்க வேண்டும். ஒரு சொடுக்கு. திரைச்சீலையை விலக்கியது போல இருந்தது.

அந்தப் படங்களில் சீருடையின் மடிப்புகள் எல்லாம் 235 இலிருந்து 250 வரையான இலக்கங்களுக்குள் இருந்தன. நான் இழுத்த இழுப்பில் அவை அனைத்தும் 255 ஆகிவிட்டன. 238 ஆக இருந்தது எது, 247 ஆக இருந்தது எது என்று இனி எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது. அச்சில் 255 என்றால் மை படாத வெறும் கடதாசி.

தங்கையின் கெமரா அட்டையில் நாற்பத்தெட்டு மூலப் படங்கள் அப்படியே இருந்தன. அவளிடம் மன்னிப்புக் கேட்டு வாங்கி, இரண்டு நாட்களில் மீண்டும் செய்தேன். இப்போது மூலப் பிரதியை ஒரு தனிக் கோப்புறையில் பூட்டிவிட்டே வேலை தொடங்குகிறேன். பன்னிரண்டு படங்கள் கிடைக்கவில்லை. விளையாட்டுப் போட்டிக்கு இடம் போதாமல் அவள் அவற்றை அழித்திருந்தாள். கணனியில் பிரதி இருக்கிறது என்று நம்பித்தான் அழித்தாள்.

பெற்றோர் சிலர் இப்படியான பெட்டி வாங்கலாமா என்று கேட்கிறார்கள். படம் திருத்துவதற்கு மட்டுமென்றால் என் பதில், வேண்டாம். மடிக்கணனியின் நினைவகத்தை 8 கிகாபைட்டிலிருந்து 16 ஆக்குவதே பலருக்குக் கூடிய பலன் தரும், செலவும் குறைவு. காணொளி வேலை செய்பவர்களுக்குப் பெட்டி உதவும். ஆனால் வாங்குமுன் கணனி பொருந்துமா என்று பாருங்கள். 2020 இன் பிற்பகுதியிலிருந்து அப்பிள் நிறுவனம் தனது சொந்தச் சில்லுகளுடன் வெளியிட்ட எம்1 முதலான மெக் கணனிகளில், தண்டர்போல்ட் துளை இருந்தாலும், வெளி வரைகலை அட்டைகளுக்கு ஆதரவு தரவில்லை.

கிடைக்காமல் போன பன்னிரண்டில் ஒன்று இந்த இதழில் வருகிறது: ஆறாம் தரப் புதுமுக மாணவியரின் குழுப் படம். பின்வரிசையில் வலப் பக்கம் நிற்கும் மூன்று பேரின் தோள் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அந்தப் பிள்ளைகளின் உம்மாமார் படமெடுத்த தங்கையைக் குறை சொல்ல வேண்டாம். அவள் எடுத்ததில் பிழையில்லை. அவர்களை மீண்டும் நிறுத்தி எடுக்க டீச்சரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். அடுத்த தவணை என்று சொல்லியிருக்கிறார்.