கண்மாய் வற்றினால் மீன் எங்கே போகும்?

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே சித்திரை வெயிலில் எந்தக் கண்மாய்க்குள் இறங்கினாலும் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆடு மேயும், பையன்கள் ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வரத்துக்கால் ஓடி, கண்மாய் பெருகிச் சில வாரம் ஆனால் போதும், அதே இடத்தில் மீன் துள்ளும். இத்தனை நாளும் இது எங்கே இருந்தது என்று இந்த ஊரில் கேட்காத பிள்ளை கிடையாது.

சிறுவர்களுக்கு மீன்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதன் முதல் கேள்வியும் இதுதான். கடையில் விற்கும் மீன் புத்தகங்களில் நீலக் கடலும் பவளப்பாறையும் சுறாவும் நிறைந்திருக்கின்றன; பிள்ளைகள் அவற்றையும் ஆசையாகப் படிக்கட்டும். ஆனால் குண்டாற்றங்கரையில் வளரும் பிள்ளைக்குத் தெரிந்த தண்ணீர் பழுப்பு நிறம். தண்ணீர் நிலைக்காத ஊரில் பிழைக்கக் கற்ற மீன்களைப் போல வியப்பூட்டும் உயிர்கள் எனக்குத் தெரிந்து குறைவு. அதனால் புத்தகத்தின் முதல் படத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம் என்று ஓவியரிடம் சொல்லியிருக்கிறேன்.

முதலில் விரால். ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி சூடுள்ள ஒரு லிட்டர் தண்ணீரில், காற்று நன்றாகக் கலந்திருந்தாலும், ஆறு மில்லிலிட்டர்கூடத் தேறாது. மாசி, பங்குனியில் கண்மாய் சுருங்கி மடைப்பக்கத்துக் குட்டையாகிவிடும்போது, அழுகும் பாசியும் சருகும் அந்தக் கொஞ்சத்தையும் தின்றுவிடும். விடியப்போகும் நேரத்தில் நிலைமை படுமோசம். வெயில் இல்லாமல் பாசி ஆக்சிஜன் விடாது, இரவெல்லாம் எல்லா உயிரும் மூச்சு வாங்கித் தீர்த்திருக்கும். கெண்டைகள் செத்து மிதப்பது இந்த நேரத்தில்தான்.

விரால் மட்டும் அசையாது. அதன் தலைக்குள், செவுளுக்கு மேலே, ரத்த நாளங்கள் நெருங்கிப் படர்ந்த ஓர் அறை இருக்கிறது. மேலே வந்து ஒரு வாய் காற்றை வாங்கி அதில் அடைத்துக்கொண்டு கீழே போய்விடும். இது அவசரத்துக்கு வைத்திருக்கும் ஏற்பாடு இல்லை. வளர்ந்த விராலை மேலே வரவிடாமல் தடுத்தால், தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும்! மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகும் என்று பிள்ளைகளிடம் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. அந்தப் பக்கத்தைத்தான் நான் மிகவும் விரும்பி எழுதினேன்.

தண்ணீர் இன்னும் வற்றினால் விரால் சேற்றுக்குள் இறங்கும். உடம்பின் வேலைகளைக் குறைத்து, சேர்த்து வைத்த கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து, ஈரம் இருக்கும்வரை தாக்குப்பிடிக்கும். இலங்கையில் உயரதிகாரியாக இருந்த எமர்சன் டென்னென்ட், வற்றிய குளத்துச் சேற்றை வெட்டி உயிருள்ள மீனை எடுப்பதைப் பற்றி 1861இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதினார். நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது செய்தியே அல்ல. ஊத்தா என்ற மீன்பிடிக் கூடையைச் சேற்றில் அழுத்தி, உள்ளே ஏதாவது மோதுகிறதா என்று ஒரு நொடி நின்று, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் தடவும் மனிதருக்கு, சேறு எவ்வளவு ஆழம் வரை உயிரோடு இருக்கிறது என்று விரலே சொல்லிவிடும். ஆனால் அடிவரை ஈரம் செத்துவிட்டால் விராலும் செத்துவிடும். இதையும் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

அடுத்து பனையேறிக் கெண்டை. அதற்கும் காற்றைச் சுவாசிக்கத் தலைக்குள் தனி உறுப்பு உண்டு. மடிப்பு மடிப்பாக இருக்கும். செவுள்மூடியின் விளிம்பில் முள் வரிசை. மூடியை விரித்து முள்ளைத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி, ஈரத் தரையில் ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போய்விடும். 1791இல் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி, தண்ணீர் மட்டத்துக்கு ஐந்தடி மேலே ஒரு பனையில் இந்த மீனைப் பிடித்ததாக லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு எழுதினார். அதைக் காகமோ பருந்தோ கவ்விக்கொண்டு போய் மரத்தில் போட்டிருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். ஏறுவதில் வழக்கு இருக்கலாம், நடப்பதில் ஒரு வழக்கும் இல்லை.

அயிரை இன்னொரு வகை. மதுரைப் பக்கம் அதை உயிரோடு வாங்கி, பாலில் விட்டு மண்ணைக் கக்க வைத்துக் குழம்பு வைப்பார்கள். அந்த மண் அதன் பிழைப்பு. மீசையால் தரையைத் துழாவி, மணலை வாயில் அள்ளி, இரையை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் துப்பும். அயிரை குடும்பத்து மீன்கள் தண்ணீர் கெட்டுப்போனால் காற்றை விழுங்கிக் குடலால் சுவாசிக்கின்றன. சாப்பாடு போகும் வழியிலேயே மூச்சும்!

எல்லா மீனும் சேற்றில் காத்திருப்பதில்லை. மேலே உள்ள கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால், அந்தத் தண்ணீரோடு கீழ்க் கண்மாய்க்குக் குஞ்சுகள் வரும். கட்லா, ரோகு எல்லாம் குத்தகைக்காரர் வாங்கி விடுபவை. ஜிலேபி 1952இல் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன். இன்று அது இல்லாத கண்மாயைத் தேட வேண்டியிருக்கிறது, நாட்டு மீன்களின் இடம் அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது. இன்னொரு வழி பறவை. ஹங்கேரியில் ஆய்வாளர்கள் வாத்துகளுக்கு ஏறத்தாழ 8,000 கெண்டை முட்டைகளை ஊட்டி, எச்சத்தைச் சோதித்தார்கள். 18 முட்டைகள் முழுதாக வெளியே வந்திருந்தன, அவற்றில் சில குஞ்சும் பொரித்தன. 2020இல் வெளியான ஆய்வு இது. நீர்ப்பறவைகள் இறங்கி ஏறும் கண்மாய்களில் இப்படியும் ஒரு மீன் வந்து சேரலாம்.

புத்தகத்தின் கடைசிப் பகுதியை மீனைவிடச் சிறிய ஒன்றுக்கு ஒதுக்கியிருக்கிறேன். மழைக்குப் பிறகு சில நாட்களே நிற்கும் பள்ளங்களில், இறாலுக்குத் தூரத்து உறவான, மல்லாந்து நீந்தும் ஓர் உயிர் உண்டு. விரல்கணு நீளம்தான், கண்ணாடிபோல் ஊடுருவிப் பார்க்கலாம். பள்ளம் வற்றுமுன் முட்டையிட்டு இறந்துவிடும். காய்ந்த மண்ணில் முட்டைக்குள் கரு வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அடுத்த மழைக்கு எல்லா முட்டையும் பொரிப்பதில்லை. முதல் மழையை நம்பி விதை முழுவதையும் விதைத்துவிடாமல் கொஞ்சத்தைக் குலுக்கையில் வைக்கும் மானாவாரிச் சம்சாரி மாதிரி, ஒரு பங்கு மண்ணிலேயே தங்கிவிடும். தூத்துக்குடி உப்பளங்களில் வாழும் ஆர்டிமியாவும் இந்த வகையறாதான். காய்ந்த அதன் முட்டைக்குள் ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை செல்களைச் சிதையாமல் காக்கிறது.

காய்ந்த மண்ணில் கிடக்கும் முட்டை பொரிப்பதைப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. மழைநீர் தேங்கி வற்றிய பள்ளத்திலிருந்து மேல்மண் இரண்டு கை அள்ளி, அகலமான தட்டில் பரப்பி, மூன்று விரற்கடை உயரத்துக்கு மழைத் தண்ணீர் ஊற்றி, வெளிச்சம் படும் இடத்தில் வைத்தால் போதும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள குளோரின் குஞ்சுகளைக் கொன்றுவிடும். இரண்டாம், மூன்றாம் நாளில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாக ஏதாவது துடிக்கலாம். ஒன்றும் வராவிட்டால் வேறொரு பள்ளத்து மண்ணை எடுத்து மறுபடி செய்ய வேண்டும். எந்த ஊர், எந்தப் பள்ளம், எந்த மாதம் என்று மண்ணெடுக்கும்போதே எழுதி வைப்பதற்காகப் புத்தகத்தில் நான்கு பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன்.